மண்புழு வாரியமும் நேர்ந்துவிட்ட சேவலும்

மண்புழுவைப் போலச் சாதுவான பிராணி கிடையாது. அதற்குக் கண் இல்லை, பல் இல்லை, முதுகெலும்பும் இல்லை. இத்தனை தகுதிகள் உள்ள ஒரு பிராணிக்கு அரசாங்கத்தில் ஒரு வாரியம் இல்லாமல் இவ்வளவு காலம் இருந்ததுதான் ஆச்சரியம். கடைசியில் மாநில மண்புழு நல வாரியம் என்று ஒன்று அமைந்தது. அமைந்த வருஷமே கொல்லிமலை ஏறி வந்தது. அது வந்த பிறகு, மலையில் ஆலத்தூர் நாடு என்று சொல்லும் பகுதியில் சில மண்டைகள் உடைந்தன, ஒரு கை முறிந்தது, ஒருவருக்குப் பாதிக் காது போயிற்று. புழுக்களின் தரப்பில் உயிர்ச்சேதம் எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை.

‘வீட்டுக்கொரு புழுத்தொட்டி’ என்பது திட்டத்தின் பெயர். கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்ததற்கு வாரியம் ஒரு காரணம் வைத்திருந்தது. மலையில் எங்கே ஒரு கொத்துக் கொத்தினாலும் மண்புழு நெளிகிறது. ஆகவே இது மண்புழுவுக்கு ஏற்ற இடம். ஆகவே இங்கே மண்புழு கொண்டுவர வேண்டும். கீழேயிருந்து சிவப்புப் புழுக்களை ஏசி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அலுவலர்கள் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வாந்தியெடுத்தார்கள். புழுக்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தன.

தொடக்க விழா வாசலூர்பட்டி படகுத்துறையில் நடந்தது. புழுவுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அதிகாரிகளுக்கும் படகுக்கும் சம்பந்தம் இருந்தது. சவாரி முடிந்து கரையேறியதும் வாரியத்தின் இணை இயக்குநர் குழந்தைவேலு மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே! மண்புழு யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. போட்டதைத் தின்கிறது. தின்றதை உரமாக்கிக் கொடுக்கிறது. இரண்டாக வெட்டினாலும் சத்தம் போடுவதில்லை. என் பணிக்காலம் முழுவதும் இப்படி ஒரு பயனாளியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் மண்புழுவாக வேண்டும் என்பதே வாரியத்தின் கனவு. அகிம்சை எங்கள் கொள்கை. அது புரியாதவர்களுக்குப் புரியவைப்பதற்காகப் பூபதி வந்திருக்கிறார்.”

பூபதி எழுந்து கும்பிட்டார். அடிவாரத்து ஊர்க்காரர், வாரியத்தின் தொட்டிக் காவலர். கையில் எண்ணெய் போட்ட மூங்கில் தடி இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டாமல் பீடி பற்றவைத்த ஒருவருக்குப் பூபதி அங்கேயே அகிம்சையைப் புரியவைத்தார். பீடி குளத்தில் போய் விழுந்தது.

சுற்றுலா வந்தவர்களிடம் அன்னாசி விற்கப் போயிருந்த நல்லமுத்து, மைக் சத்தம் கேட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். நின்றவர்கள் அத்தனை பேரும் பயனாளிகள் என்று சொல்லிவிட்டார்கள். ஓடியிருக்கலாம். தலையில் அன்னாசிக் கூடை இருந்தது.

நல்லமுத்துவுக்கு மிளகுக் கொடிகளும் நாலைந்து பலா மரங்களும் கொஞ்சம் சாமைக் காடும் உண்டு. மனைவி சாமியாத்தாள். ஒரே மகள் ஜெயசுதா நிறைமாதமாகத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் தடவை வலி கண்டபோது வண்டி கிடைக்காமல், கிடைத்த வண்டி வளைவில் பழுதாகி, பிள்ளை வழியிலேயே போய்விட்டது. அதனால் இந்தத் தடவை ஜெயசுதா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே சாமியாத்தாள் ஊர்க் காளிக்கு ஒரு சிவப்புச் சேவலை நேர்ந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் பத்திரமாகப் பிரிந்தால் ஆடி மாதம் சேவலைக் கொண்டுவந்து ஒப்படைப்பதாக வேண்டுதல்.

நேர்ந்துவிட்ட சேவல் என்றால் மலையில் அதற்கென்று மரியாதை உண்டு. அதைக் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. யார் வீட்டில் எதைத் தின்றாலும் அது அம்மன் எடுத்துக்கொண்டது. அதன்மேல் ஒரு கீறல் விழக் கூடாது. ஆடியில் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். பிறகுதான் அறுத்துப் படைப்பார்கள். நாளுக்கு முன்னால் அதை யாராவது கொன்றுவிட்டால், கொன்றவர் அந்தச் சேவலின் இடத்தில் நிற்க வேண்டும் என்றும் ஒரு வழக்கம் உண்டு. இதுவரை யாரும் கொன்றதில்லை என்பதால், நிற்பது என்றால் என்ன செய்வது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

வைகாசியில் ஒருநாள் தொட்டி வைக்கக் களப் பணியாளர் ஸ்டெல்லா வந்தாள். ஒப்பந்த வேலையில் இருக்கும் சின்னப் பெண். கூடவே பூபதி. வீட்டில் நிழலான இடம் அடுப்படிச் சுவரோரம்தான். அங்கே மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பூபதி பாயோடு அதைக் காலால் தள்ளிவிட்டு நீலத் தொட்டியை இறக்கினார். ஸ்டெல்லா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அடியில் ஓட்டை போட்டுச் செங்கல்மேல் தூக்கி வைக்க வேண்டும். தென்னைநார், அதற்குமேல் மக்கிய சாணம், அதற்குமேல் மண். பிறகு புழு. மேலே ஈரச் சாக்கு. உப்பு, காரம், எலுமிச்சை போடக் கூடாது.

“இனி தினமும் உங்க வீட்டுக் கழிவை இதுல போடணும்.”

“கழிவுன்னா என்னங்கம்மா?” என்றார் நல்லமுத்து.

“வேண்டாம்னு வெளிய கொட்டுவீங்கல்ல, அது.”

“அப்படி எதையும் கொட்டறதில்லீங்களே.”

“பலாப்பழத் தோல்?”

“மாடு திங்குதுங்க.”

“கொட்டை?”

“நாங்க திங்கறமுங்க.”

“கழுநீர்?”

“ஆட்டுக்குங்க.”

“மிஞ்சுன சோறு?”

நல்லமுத்து மனைவியைப் பார்த்தார். “சோறு எப்படீங்கம்மா மிஞ்சும்?” என்றாள் சாமியாத்தாள்.

ஸ்டெல்லாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பூபதிக்குத் தெரிந்தது. “கழிவைப் பதுக்கறான்” என்று சொல்லி நல்லமுத்துவைக் கன்னத்தில் அறைந்தார். நல்லமுத்துவின் கடைவாயில் ரத்தம் வந்தது. தன்னை எதற்காக அடித்தார்கள் என்பது அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. வீட்டில் குப்பை இல்லாததற்காக உதை வாங்கிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வாரமே கழிவுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. தொட்டி காலியாக இருந்தால் பூபதி வருவார் என்பதால் ஊரே அழுகலைத் தேடி அலைந்தது. சின்னுசாமி சந்தையிலிருந்து அழுகின தக்காளியைச் சுமந்துகொண்டு வந்தார். அதை அவர் தம்பி அண்ணாமலை திருடித் தன் தொட்டியில் போட்டுக்கொண்டார். அதுவரை ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன் தம்பிகள். அண்ணன் கொடுவாளைத் திருப்பிப் பிடித்துத் தம்பியின் மண்டையில் போட்டார். தம்பி எழுந்து அண்ணனின் மூக்கைக் கடித்தார். இந்தச் செய்தி கிடைத்ததும் இணை இயக்குநர், திட்டத்தில் பொதுமக்களின் ஈடுபாடு பெருகிவருவதாக மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

நல்லமுத்து சண்டைக்குப் போகிறவர் இல்லை. சாமைச் சோற்றை ஒரு சட்டி கூடுதலாக ஆக்கிப் புளிக்கவிட்டுத் தொட்டியில் கொட்டினார். ஜெயசுதா அதைப் பார்த்து அழுதாள். சோற்றைக் கொட்டி அவள் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரு கரண்டி குறைந்தது.

அப்புறம் சத்தம் தடை செய்யப்பட்டது. அதிர்ச்சி மண்புழுவுக்கு ஆகாது என்று வாரியம் கண்டுபிடித்திருந்தது. ஊரில் யாரும் உரலில் சாமை இடிக்கக் கூடாது. விறகு பிளக்கக் கூடாது. இதைக் கவனிக்கப் பூபதி, நல்லமுத்துவின் வாசலிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். செல்போனில் சண்டைப் படங்களை முழுச் சத்தத்தில் வைத்துப் பார்ப்பார். நடுவே யாராவது தும்மினால் தடியை ஓங்கிக்கொண்டு ஓடுவார். “சத்தம் போடாதே!” என்று அவர் கத்துவது எதிர் மலையில் பட்டுத் திரும்பி வரும். தும்மிய குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டு அப்பாசாமிக்கு முழங்கால் வீங்கியது.

ஒரு மத்தியானம் ஜெயசுதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பூபதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“இங்க பாருங்க, பிரசவமெல்லாம் புழுவுக்கு ஆகாது. வேற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“இது அவ பொறந்த ஊடுங்க சாமி” என்றாள் சாமியாத்தாள்.

பூபதி எட்டி உதைத்ததில் தண்ணீர்ப் பானை உடைந்தது. அது பிரசவ வலி இல்லை, வெறும் சூட்டு வலிதான், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் சாமியாத்தாள் குனிந்து ஓடுகளைப் பொறுக்கியதை நல்லமுத்து பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

இத்தனைக்கும் நடுவே சேவல் தொட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. பூபதி குறட்டை விடும் நேரத்தில் சாக்கை அலகால் விலக்கி உள்ளே இறங்கிப் பொறுமையாகச் சாப்பிட்டது. சாமியாத்தாள் அதைப் பார்த்தாள். கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். நல்லமுத்துவும் பார்த்தார். வாரியத்துக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். ஆனால் நேர்ந்துவிட்ட சேவலை விரட்ட முடியுமா? சாக்கைச் சரியாக மூடிவைத்தார். சேவல் மறுபடி விலக்கியது. கொஞ்ச நாளில் அது வாரியத்தின் தயவில் பளபளவென்று ஆகிவிட்டது.

ஒருநாள் பூபதி சீக்கிரம் விழித்துக்கொண்டார். சேவல் தொட்டி விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அலகில் ஒரு புழு தொங்கியது. பூபதி தடியை வீசினார். தடி தொட்டியில் பட்டு, தொட்டி கீறியது. சேவல் பறந்து அவர் முகத்தில் விழுந்தது. கால்முள் கன்னத்தைக் கிழித்தது. அலகு காதைப் பிடித்தது. பூபதி அலறிக்கொண்டு வட்டமாக ஓடினார். சேவல் இறங்கியபோது பாதிக் காதும் அதில் போட்டிருந்த கல் கடுக்கனும் கூடவே போயின. சட்டைப் பித்தானையும் அது விடவில்லை. அவர் அன்றைக்குப் போட்ட சத்தத்தை எந்தப் புழுவும் தாங்கியிருக்காது.

விசாரணைக்கு இணை இயக்குநரே வந்தார். ஏசி ஜீப்பில் அடுத்த ஊருக்கான புழுப் பெட்டிகளும், பின்னால் வந்த வேனில் தடியோடு வாரியத்தின் ஆட்களும் வந்தார்கள். ஊர் கூடியது. குழந்தைவேலு தொட்டிக்குள் குச்சியை விட்டுக் கிளறினார்.

“புழுக்கள் எங்கே?”

“அம்மா எடுத்துக்கிட்டாளுங்க” என்றார் நல்லமுத்து.

“எந்த அம்மா? எந்தத் துறை?”

“காளிங்க. இது அவளுக்கு நேர்ந்துவிட்ட சேவலுங்க. அதுமேல கை வெக்கக் கூடாதுங்க.”

“நேர்ந்துவிடும் முன் வாரியத்திடம் தடையில்லாச் சான்று வாங்கினீர்களா?”

“அப்ப வாரியமே இல்லீங்களே சார்.”

“வாரியம் வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.” அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “பொதுமக்களே, எனக்கு இந்தச் சேவல்மேல் கோபம் கிடையாது. எந்த உயிரையும் வெறுக்காதவன் நான். ஆனால் வாரியத்தின் சொத்து இதன் வயிற்றில் இருக்கிறது. சொத்தை மீட்பது என் கடமை. அறுத்துத்தான் மீட்க முடியும். இதில் வன்முறை எதுவும் இல்லை, இது நடைமுறை.”

நல்லமுத்து அவர் காலில் விழுந்தார். “பொண்ணு உசுரு அதுலதானுங்க இருக்குது. எம்மேல எத்தனை அடி வேணாலும் அடிச்சுக்குங்க. சேவலை உட்ருங்க சார்.”

“அது தனி. அதையும் செய்வோம்” என்றார் இணை இயக்குநர்.

அதையும் செய்தார்கள். முதல் அடியிலேயே நல்லமுத்துவின் இடது கை முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஸ்டெல்லா “ஐயோ, விடுங்க!” என்று குறுக்கே வந்து ஒரு அடி வாங்கினாள். அதற்குள் சேவல் ஓடத் தொடங்கியது.

பின்னால் வாரியம் ஓடியது. ஆட்கள் கல்லெறிந்தார்கள். அந்தக் கற்கள் சேவலைத் தவிர எல்லோர்மேலும் விழுந்தன. ஊர்க்காரர்கள் ஒரு கல்கூட எறியவில்லை. தவறிச் சேவல்மேல் பட்டுவிட்டால்? ஆகவே கையால் அடித்தார்கள், காலால் உதைத்தார்கள், பல்லால் கடித்தார்கள். சின்னுசாமியும் அண்ணாமலையும் பகையை மறந்து ஒரே ஆளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அப்பாசாமி வீங்கின காலோடு வந்து ஒருவரின் தொடையைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். இந்தக் கலவரத்தில் தொட்டி கவிழ்ந்தது. மிச்சமிருந்த புழுக்கள் முற்றத்தில் கொட்டின. அவற்றின்மேல் வாரியத்தின் பூட்சுகள் போயின, வந்தன, மறுபடி போயின. புழுக்கள் கடைசிவரை எதிர்த்துப் பேசவில்லை.

ஓட இடமில்லாமல் சேவல் நேராகக் குழந்தைவேலுவின் மார்பில் பாய்ந்தது. அவர் இரண்டு கையாலும் அதன் கழுத்தைப் பிடித்தார். துணி பிழிவது போல முறுக்கினார். பழக்கப்பட்ட கை மாதிரிதான் இருந்தது.

சண்டை அப்படியே நின்றது. கடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை எடுத்தார்கள். முதலில் பேசியவர் பூபதிதான். அடிவாரத்துக்காரர், அவருக்கு மலை வழக்கம் தெரியும். கட்டுப்போட்ட காதோடு பின்வாங்கிக்கொண்டே, “நான் தொடலீங்க. எல்லாரும் பாத்துக்குங்க, நான் தொடவே இல்லை” என்றார்.

அறுக்க யாரும் முன்வராததால் இணை இயக்குநரே அறுத்தார். உள்ளே சாமை இருந்தது. கொஞ்சம் கூழாங்கல், ஒரு சட்டைப் பித்தான், பூபதியின் கல் கடுக்கன். புழு ஒன்றுகூட இல்லை. அவை எப்போதோ செரித்து எருவாகி முற்றமெங்கும் காய்ந்து கிடந்தன. திட்டத்தின் நோக்கம் ஒருவகையில் நிறைவேறித்தான் இருந்தது.

சாமியாத்தாள் அழவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். ரத்தக் கையோடு குந்தியிருந்த குழந்தைவேலுவின் தலையில் மெதுவாக ஊற்றினாள். மலைத் தண்ணீர். அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை உடம்பு சிலிர்த்தது.

“உத்தரவாயிருச்சு!” என்று ஊரே கத்தியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

“என்ன உத்தரவு? யார் போட்டது?” என்றார் அவர்.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஜெயசுதா அலறினாள். ஸ்டெல்லா உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். “பனிக்குடம் உடைஞ்சிருச்சு!”

எல்லோரும் இணை இயக்குநரைப் பார்த்தார்கள். முறிந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நல்லமுத்து அவர் முன்னால் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. வேண்டுதல்தான் இருந்தது. “சேவல் சுமந்த பாரமுங்க. இனி நீங்கதான் பாத்துக்கோணும்.”

புழுப் பெட்டிகளை இறக்கி ஜீப்பில் ஜெயசுதாவையும், துணைக்குச் சாமியாத்தாளையும் ஸ்டெல்லாவையும் ஏற்றினார்கள். குழந்தைவேலுவை முன் இருக்கையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை, இடிக்கவுமில்லை. கீறல் விழாமல் பத்திரமாக ஏற்றினார்கள். அதுதான் அவரை நடுங்கவைத்தது. கொன்றவர் சேவலின் இடத்தில் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பூபதி ஜன்னல் வழியாக அவர் காதில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

வழி நெடுக அவர் தனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார். டிரைவர் பிரேமிடம் “வேகமாகப் போ” என்றார். பிரேம் வேகமாகப் போனால் “மெதுவாகப் போ” என்று கதறினார். பாதி மலை இறங்குவதற்குள், ஒரு வளைவில் ஓரமாக நிறுத்திய ஜீப்பில், ஸ்டெல்லாவின் மடியில் தலைவைத்து ஜெயசுதா பெற்றாள். பெண் குழந்தை. கைகால் உதறி வீறிட்டு அழுதது. சாமியாத்தாள் அப்போதுதான் அழுதாள். குழந்தைவேலுவும் அழுதார். தாயும் பிள்ளையும் நலம் என்று கீழே ஆஸ்பத்திரியில் சொன்னபோது அங்கே அவரைவிடச் சந்தோஷப்பட்டவர் இல்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு மலையில் வாரியத்துக்குக் கிடைத்த மரியாதையை வேறு எந்தத் துறையும் கண்டதில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. திட்டத்துக்காகக் குழந்தைவேலு மலைமேல் தங்கியிருந்த அலுவலகத்துக்குத் தினமும் யாராவது சாமைச் சோறும் நாட்டுக்கோழி முட்டையும் கொண்டுவந்தார்கள். படியில் அவர் கால் தடுக்கினால் தாங்கிப் பிடிக்க ஆட்கள் ஓடினார்கள். சவரம் செய்யும்போது தாடையில் ஒரு சின்ன வெட்டு விழுந்ததற்குப் பூபதி மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து, “ஆடி வரைக்கும் தாடி உட்டுக்குங்க சார்” என்று கெஞ்சினார். கடைத்தெருவில் அவர் எதை எடுத்துத் தின்றாலும் கடைக்காரர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

அவர் மாற்றல் கேட்டு விண்ணப்பித்தார். மலைமக்கள் ஓர் அதிகாரியிடம் இவ்வளவு அன்பு காட்டியதாக வரலாறே இல்லை என்றும், ஆடித் திருவிழா முடியும்வரை அவர் அங்கேயே இருந்து வாரியத்தின் பெயரைக் காக்க வேண்டும் என்றும் தலைமையிடம் பதில் அனுப்பியது.

ஆனி கடைசியில் நல்லமுத்து குடும்பத்தோடு அவரைப் பார்க்க வந்தார். அவருடைய இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டிருந்தது. ஜெயசுதாவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாமியாத்தாள் வாழையிலையை விரித்துச் சோற்றை வைத்தாள். குழந்தைவேலு இலையில் கைவைக்காமல், தணிந்த குரலில் கேட்டார்.

“ஆடியில் என்னை என்னம்மா செய்வீர்கள்?”

சாமியாத்தாள் புருஷனைப் பார்த்தாள். நல்லமுத்து தன் முறிந்த கையைப் பார்த்தார். பிறகு அவள் சந்தையில் சேவல் வாங்குகிறவள் போல இணை இயக்குநரின் புஜத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்த்தாள்.

“ரொம்ப எளச்சுட்டீங்க சாமி. ஆடிக்கு இன்னும் நாளிருக்குது. நல்லாச் சாப்பிடுங்க” என்றாள்.

இணை இயக்குநர் எதிர்த்துப் பேசவில்லை. சத்தம் போடவில்லை. போட்டதைத் தின்றார்.